எங்கள் கிணற்றில் இல்லாத பூஜ்யம்

முழுப்பரீட்சை முடிவு அப்போதெல்லாம் அஞ்சலட்டையில் வரும். கடைசிப் பரீட்சை அன்று பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கார்டு வாங்கி, விலாசத்தை அவர்கள் கையாலேயே எழுத வைத்துவிடுவார்கள். அதனால் மே மாதம் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே என் மகள் தன் கையெழுத்தைத் தேடிக்கொண்டு வாசலில் நிற்பாள். ஐம்பதுகளின் கடைசியில், அவள் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, படித்த வருஷம் அது. கார்டை வாங்கிப் படித்தவள் என்னிடம் நீட்டவில்லை. சமையலறைக்குள் வந்து அரிசி டின்னின் மேல் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

கணக்கில் பத்தொன்பது. ஜூன் முதல் வாரம் மறுதேர்வு. அதில் தேறினால் நான்காம் பாரம், இல்லாவிட்டால் அதே வகுப்பு.

என் வீட்டுக்காரர் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலம் வந்தவர் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வராது. அதுதான் எனக்குப் பயம். கோபப்படுகிறவர்கள் மறுநாள் மாறுவார்கள்.

"ஜூன்ல எழுதட்டும். தேறினா சரி. இன்னொரு வருஷம் அதே க்ளாஸ்ல சின்னப் பொண்ணுங்களோட உக்காரணும்னா வேண்டாம். வீட்ல இருக்கட்டும், தையல் கத்துக்கட்டும்" என்றார்.

"ஒரு பாடத்துல போனதுக்காகவா?"

"உன் பாடம்தானே அது? நீ சொல்லிக் குடு."

அவர் குத்திக் காட்டவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்று எனக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. கல்யாணமான புதிதில் அவருடைய ஆபீஸ் சதவீதக் கணக்குகளைக்கூட மனத்தாலேயே போட்டுக் காட்டியிருக்கிறேன். அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எங்கள் காலத்தில், நான் படித்த பள்ளிக்கூடத்தில், பெண்கள் விரும்பினால் அல்ஜீப்ராவை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக வீட்டியல் எடுத்துக்கொள்ளலாம். நான் விட்டவள். குறை எண்கள் என்று ஒரு பக்கம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்துக்குள் போனதில்லை. இதை நான் அவரிடமும் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை.

மறுநாளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மிகை எண், குறை எண், நடுவில் பூஜ்யம். விளக்குவதற்கு ஒரு வெப்பமானியின் படம் போட்டிருந்தார்கள். பனிப் பிரதேசத்தில் பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுமாம். கத்திரி வெயிலில், ஸ்ரீரங்கத்தில், விசிறியைக் கையில் பிடித்தபடி நாங்கள் அதைப் படித்தோம்.

"பூஜ்யம்னா ஒண்ணுமே இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றாள் மகள்.

"ஆமா."

"ஒண்ணுமே இல்லாததை விடக் குறைச்சலா எப்படிம்மா ஒண்ணு இருக்கும்?"

"இருக்கும். எழுது."

மைனஸ் மூன்று பெரியதா, மைனஸ் ஏழு பெரியதா என்றால் ஏழு என்பாள். இல்லை, மூன்று என்பேன். ஏன் என்பாள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்பேன். நாலாம் நாள் ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. விரலைத் தடவிக்கொண்டே மைனஸ் ஏழு என்றுதான் மறுபடியும் எழுதினாள்.

நாங்கள் குடியிருந்தது அம்மா மண்டபம் போகிற சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். முன்கட்டில் வீட்டுக்காரம்மா, பின்கட்டில் நாங்கள். கொல்லையில் இருந்த உறைகிணறு இரண்டு குடித்தனத்துக்கும் பொது. சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய கிணறு. காவிரி வற்றினால் எங்கள் ஊர்க் கிணறுகளும் கூடவே இறங்கும். கோடை பிறந்துவிட்டால் தண்ணீர் எத்தனையாவது உறையில் நிற்கிறது என்பதுதான் பெண்களுக்குள் முதல் பேச்சு. அன்று காலை வீட்டுக்காரம்மா குடத்தை இழுத்துக்கொண்டே சொன்னார்:

"பன்னெண்டாம் உறைக்குப் போயிருச்சு. இப்படியே போனா அடுத்த மாசம் மண்ணைத்தான் இறைக்கணும். கயித்தை நீட்டிக் கட்டிக்கம்மா."

எனக்குச் சட்டென்று வழி திறந்த மாதிரி இருந்தது. மகளைக் கூப்பிட்டேன்.

"போன மாசம் தண்ணி எத்தனையாம் உறை?"

"எட்டு."

"இப்ப?"

"பன்னெண்டு."

"எப்ப தண்ணி மேல இருந்துச்சு?"

"எட்டுல இருக்கிறப்ப." கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப மைனஸ் எட்டுதான் பெரிசா?"

"அதேதான்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? விரல்ல போட்டியே" என்றாள்.

எங்கள் கிணற்றில் தரைக்கு மேலேயும் மூன்று உறைகள் கைப்பிடிச் சுவராக நின்றன. உறை இறக்குகிறவர்கள் தரையை வைத்துத்தான் எண்ணுவார்கள். தரைக்கு மேல் மேல்-ஒன்று, மேல்-இரண்டு, மேல்-மூன்று. கீழே கீழ்-ஒன்று, கீழ்-இரண்டு என்று போகும். கூலி பேசுவதும் அந்த எண்ணிக்கைப்படிதான். அதனால் அந்தப் பக்கத்து வீடுகளில் சின்னக் குழந்தைக்கும் அந்த வழக்கு தெரியும். மேல் உறையெல்லாம் பிளஸ், கீழ் உறையெல்லாம் மைனஸ் என்று வைத்துக்கொண்டோம். கூட்டல் என்றால் அத்தனை உறை ஏற வேண்டும். கழித்தல் என்றால் இறங்க வேண்டும். மைனஸ் ஏழோடு நாலைக் கூட்டு என்றால், ஏழாம் உறையிலிருந்து ஆறு, ஐந்து, நாலு, மூன்று. மைனஸ் மூன்று. புத்தகத்தின் பின்னால் விடைத்தாள்களில் கிழியாமல் மிஞ்சியது முதல் தாள்தான்; அதில் பார்த்தால் அதே மைனஸ் மூன்று.

ஒரு வாரம் துவைக்கிற கல்தான் எங்கள் பள்ளிக்கூடம். அவள் கிணற்றைப் பார்த்துக்கொண்டே போடுவாள், நான் துணி அலசிக்கொண்டே சரிபார்ப்பேன். என் வீட்டுக்காரர் பல் துலக்க வந்தவர், "என்ன, அம்மாவும் பொண்ணும் கெணத்துக்குப் பூஜை பண்றீங்களா?" என்றார்.

"உங்க பொண்ணு நாலாம் பாரம் போறா, பாருங்க."

"போகட்டுமே. நானா வேண்டாங்கறேன்?"

கணக்கு டீச்சர் நல்ல மனசு உள்ளவர். மறுதேர்வுப் பிள்ளைகள் லீவில் போடுகிற கணக்கை வாரத்துக்கு ஒருமுறை தன் வீட்டுக்கு அனுப்பினால் திருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சிப் பாலக்கரையில். என் வீட்டுக்காரர் ஆபீஸ் போகிற வழியில் நோட்டைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வாங்கி வந்தார்.

"டீச்சரம்மா சிவப்பு மையை நல்லாவே செலவு பண்ணியிருக்காங்க" என்று என் மடியில் போட்டார்.

நாற்பது கணக்கில் பதினாறு தப்பு. மகள் முகம் சுண்டிவிட்டது. நான் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுப் பார்த்தேன். மைனஸ் மூன்றோடு ஐந்தைக் கூட்டினால் என்ன? மூன்றாம் கீழ் உறையிலிருந்து ஏறுகிறோம். கீழ்-இரண்டு, கீழ்-ஒன்று, மேல்-ஒன்று, மேல்-இரண்டு, மேல்-மூன்று. விடை மூன்று. மகளும் மூன்று என்றுதான் எழுதியிருந்தாள். டீச்சர் அதை அடித்து இரண்டு என்று போட்டிருந்தார். இரண்டிலிருந்து ஆறு போனால்? எங்களுக்கு மைனஸ் ஐந்து, டீச்சருக்கு மைனஸ் நாலு. பதினாறிலும் இப்படி ஒன்று வித்தியாசம்.

டீச்சர் பத்து நோட்டை ஒன்றாகத் திருத்துகிறபோது கண் அசந்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தின் கீழே ஆறு முழுக்க மணல். என் மகளுக்காக நியாயம் கேட்கப் போகிறேன் என்ற மிதப்பில் எனக்கு வெயில்கூடத் தெரியவில்லை.

டீச்சருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. முன்னறையில் மாதா படம், அதன் கீழே டியூஷனுக்காக ஒரு கரும்பலகை.

"வாங்கம்மா, உக்காருங்க. மோர் தரட்டுமா?"

"இருக்கட்டுங்க. இதுல நீங்க தப்புன்னு போட்டதெல்லாம் சரியாத்தான் இருக்கு. அதைக் காட்டத்தான் வந்தேன்."

வேறு யாராவது என்றால் முகம் சுளித்திருப்பார்கள். அவர் நோட்டைப் பிரித்து, "எது, சொல்லுங்க" என்றார்.

நான் விரல் கணுக்களை எண்ணிக் காட்டினேன். உறைகளைச் சொன்னேன், மேல், கீழ் என்றேன், கயிறு எத்தனை முழம் என்பதைக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் கீழயே இருக்கிற கணக்கையெல்லாம் சரியாப் போட்டிருக்கா. தரையைத் தாண்டறப்ப மட்டும்தான் தப்புப் போகுது. மைனஸ் மூணு கூட்டல் மூணு என்னங்க?"

எண்ணிப் பார்த்தேன். "ஒண்ணு."

"தரையிலேர்ந்து மூணு அடி இறங்கினவ, திரும்ப மூணு அடி ஏறினா தரைக்கு வருவாளா, ஒரு அடி உசரத்துல நிப்பாளா?"

நான் மறுபடி விரல் கணுவை எண்ணத் தொடங்கினேன்.

"உங்க கிணத்துல பூஜ்யம் எங்க இருக்கு?"

"பூஜ்யத்துக்கு உறை கிடையாதுங்க" என்றேன்.

"அதுதாம்மா தப்பு." அவர் எழுந்து பலகையில் படுக்கையாக ஒரு கோடு இழுத்தார். நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் மிகை, இடப்பக்கம் குறை. "இது போதும். கிணத்தை மறந்துடச் சொல்லுங்க. இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே, பழகிடுவா."

கோட்டுக்கு ஒரு பூஜ்யம் இருக்கிறது, கிணற்றுக்கு ஏன் இல்லை? அதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது மகள் வாசலிலேயே நின்றாள். "என்னம்மா சொன்னாங்க?"

இனி எழுதப்போவதை எழுதுவதற்கு எனக்கு இன்னும் கை வரவில்லை. நான் சொன்னது இது:

"உன் கிணத்துல பூஜ்யமே இல்லையாம். உன் தலையிலயும் ஒண்ணும் இல்ல. அப்பா சொன்னதுதான் சரி. தையல் கத்துக்கோ, போ."

"கிணத்தைக் காட்டினது நீதானே?"

கன்னத்தில் அறைந்தேன். அவள் சொன்னது உண்மை என்பதால்தான் அறைந்தேன். அதுவரை அவளை முகத்தில் அடித்ததில்லை.

அன்று சாயங்காலம் முழுதும் அவள் பேசவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், படுத்தாள். மறுநாள் காலையும் அப்படியே. மத்தியானம் வீட்டுக்காரம்மா திருவானைக்காவில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். வெக்கை தாங்காமல் நான் தரையில் தலை சாய்த்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேனோ தெரியாது. எழுந்தபோது வீட்டில் சத்தமே இல்லை.

கொல்லைக்கு வந்தேன். துவைக்கிற கல்லின் மேல் அவளுடைய தாவணி மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் கணக்கு நோட்டு, காற்றில் பறக்காதபடி அதன் மேல் ஒரு கல். கிணற்றுக் கயிறு ராட்டினத்திலிருந்து உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. அசையவில்லை.

கிணறு எனக்கு நாலு எட்டு தூரம்தான். என்னால் போக முடியவில்லை. போய் எட்டிப் பார்க்காதவரை ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு நினைப்பு. முந்தின நாள் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் வாயிலேயே இருந்தது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"யாரு, அம்மாவா? குடத்தை எறக்கிடாதே. நான் உள்ள இருக்கேன்."

எப்படிப் போனேன் என்று தெரியாது, உறையின் விளிம்பில் என் வயிறு இடித்தபோதுதான் போய்விட்டேன் என்று தெரிந்தது. தூர் வாருகிறவர்கள் இறங்குவதற்காக உறைகளில் கம்பிப் படி பதித்திருந்தார்கள். அதில் நின்றுகொண்டிருந்தாள். பாவாடையை இழுத்துச் செருகி, தவறினால் பிடித்துக்கொள்ளக் கயிற்றையும் பக்கத்தில் விட்டிருந்தாள். ஒரு கையால் மேல் படியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சாக்கட்டியோடு, உறையும் உறையும் சேருகிற இடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காலுக்குக் கீழே இருட்டு. அதற்கும் கீழே கொஞ்சம் வானம்.

"மேல வா."

"இன்னும் ஏழு கோடு இருக்கும்மா. தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிறே."

"மேல வந்துடுடி. கண்ணு, மேல வந்துடு."

என் குரலில் என்ன இருந்ததோ, அவள் சாக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள். தலை வெளியே தெரிந்ததும் பின்னலைப் பிடித்தேன். அவள் சுவரைத் தாண்டிக் கீழே குதித்து நின்ற பிறகும் பின்னலை நான் விடவில்லை. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் என்னோடு குனிய வேண்டியதாயிற்று.

"முடி வலிக்குதும்மா. விடு. விழுந்துட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா" என்றேன்.

நான் நினைத்தது அது இல்லை. விழுந்தாள் என்று நினைக்கவில்லை, குதித்துவிட்டாள் என்று நினைத்தேன். இதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஆறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, வேறு வீட்டுக்கும் மாறிவிட்டோம். இருந்தும் கல்லின் மேல் மடித்த துணி எதையாவது பார்த்தால் உடனே எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன். அவள் பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் தட்டைக் கழுவினால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். என்னம்மா வேணும் என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன்.

அவளோ அன்று மூச்சு வாங்கிக்கொண்டே விளக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. அவள் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவள் அப்பாவிடம் மறுபடி சொன்னபோதுதான் கேட்டேன்.

அவரிடம் நான்தான் நடந்ததைச் சொன்னேன். டீச்சரிடம் பேசியதையும் அறைந்ததையும் சேர்த்தே, மகள் முன்னாலேயே சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய்க் கிணற்றுக்குள் பார்த்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. வெள்ளைக் கோடுகள் ஐந்து வரை தெரிந்தன.

"ஏன் அஞ்சோட நிறுத்திட்டே?"

"அம்மா கூப்பிட்டுட்டாங்க."

"இதுல என்ன கண்டுபிடிச்சே?"

"நாங்க உறைக்கு நம்பர் போட்டோம்ப்பா. அதான் தப்பு. தண்ணி பன்னெண்டாம் உறையில இருக்குன்னு சொல்றோம், ஆனா இறங்கிப் பார்த்தா அது உறைக்கு நடுவுல எங்கயோ நிக்குது. உறைங்கறது ஒரு அடி உசரம். அது நிக்கிற இடம் இல்ல, தாண்டற தூரம். நிக்கிற இடம் இந்தக் கோடு." சுவரில் கையை வைத்துக் காட்டினாள். "அதனால கோட்டுக்குத்தான் நம்பர் போடணும். தரையோட சேர்ற இந்தக் கோடு பூஜ்யம். இங்கேர்ந்து ஒரு உறை இறங்கினா மைனஸ் ஒண்ணு. ஒரு உறை ஏறினா பிளஸ் ஒண்ணு. டீச்சர் பூஜ்யம் இருக்குன்னு சொன்னது சரிதான். பூஜ்யத்துக்கு உறை இல்லைன்னு அம்மா சொன்னதும் சரிதான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எனக்காகச் சேர்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

"மைனஸ் மூணு கூட்டல் மூணு?" என்று கேட்டேன்.

"பூஜ்யம்."

"மைனஸ் அஞ்சு கூட்டல் ஒம்பது?" இது அவர்.

"நாலு."

விடை சரியா என்று அவர் என்னைப் பார்த்தார். நான் கோடுகளை எண்ணினேன். ஐந்து கோடு ஏறித் தரை, இன்னும் நாலு. கைப்பிடிச் சுவர் மூன்று உறையோடு முடிந்துவிட்டது. நாலாவதை ஆகாயத்தில் எண்ணிக்கொண்டேன். "சரிதான்" என்றேன்.

அவர் குனிந்து இன்னொரு தடவை கிணற்றுக்குள் பார்த்தார். பிறகு, "கணக்குக்காகக் கெணத்துல இறங்கறவளை வீட்ல உக்கார வெச்சா இன்னும் எதுல எதுல இறங்குவாளோ. முதல்ல பரீட்சையை எழுதட்டும்" என்றார். மகளிடம் திரும்பினார். "இனிமே இறங்கினே, கயித்தை மேல இழுத்துடுவேன். பேப்பர்ல கெணறு வரையக் கத்துக்கோ."

தேறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மீதிப் பத்து நாளும் அவள் தாளில் நெட்டாக ஒரு கோடு போட்டு, குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் இழுத்து, அதில் ஏறி இறங்கினாள். நான் ஸ்கேலை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். அவள் தப்பாகப் போட்டால் சொல்ல வாய் வரும். "இன்னொரு தடவை எண்ணிப் பாரு" என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பழகினேன். எளிதாக இல்லை.

மறுதேர்வு அன்று பதினோரு பெண்கள் வந்திருந்தார்கள். மற்றப் பெண்களைக் கொண்டுவிட்டவர்கள் மெயின்கார்டு கேட் பக்கம் கடைக்குப் போய்விட, நான் மட்டும் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றேன். பேப்பர் கொடுத்துவிட்டு டீச்சர் வெளியே வந்தார்.

"கிணத்தை மறந்துட்டாளா?"

"இல்லைங்க. உறைக்குப் போட்ட நம்பரை எடுத்துக் கோட்டுக்குப் போட்டுட்டா."

நடந்துகொண்டே இருந்தவர் நின்றார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "கோட்டுக்கா. யார் சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்ல. இறங்கிப் பார்த்தா." எப்படி இறங்கினாள் என்பதை அங்கே சொல்ல எனக்குத் தெம்பில்லை. "எனக்கே இன்னும் பாதிதாங்க புரியுது. நான் அல்ஜீப்ரா படிச்சதில்ல."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

"நான்தான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன். கிணத்தை விட்டுடச் சொன்னதுக்குப் பதிலா நானும் ஒருதரம் எட்டிப் பார்த்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பதினோரு பேப்பர்தானே, மத்தியானமே திருத்திவிட்டார்கள். நாற்பத்தாறு. முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. டீச்சர் பேப்பரை எங்களிடமே காட்டினார். குறை எண்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. பின்னங்களில் பாதி போயிருந்தது. எனக்கு உடனே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. நான்காம் பாரத்தில் பின்னம் வராமலா இருக்கும்?

"மொகத்தை ஏம்மா அப்படி வெச்சிருக்கே? பாஸ்" என்றாள் மகள்.

"பாஸ்தான். தெரியுது."

"அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ முந்திக்காதே."

அவள்தான் சொன்னாள். அவர், "அப்ப தையல் மிஷின் செலவு மிச்சம்" என்றார். அடுத்த திங்கட்கிழமை, நான்காம் பாரப் புத்தகங்களைக் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து, அவரே பிரவுன் தாளில் அட்டை போட்டார். ஓரங்கள் கோணல். அவள் அப்படியே எடுத்துப் போனாள்.

பள்ளி திறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

"அம்மா, மைனஸ் ரெண்டை மைனஸ் மூணால பெருக்கினா பிளஸ் ஆறாம். அது எப்படி?"

விதி எனக்குத் தெரியும். மகளின் புத்தகத்தில் அதற்குள் பார்த்துவிட்டிருந்தேன். மைனஸும் மைனஸும் பிளஸ், எழுது என்று சொல்லிவிட்டு அரிசியை உலையில் போட்டிருக்கலாம்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "டீச்சரைக் கேளேன்."

"கேட்டேன். யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னாங்க."

"அப்ப நாமளும் யோசிப்போம். பையை இறக்கிட்டு வந்து உக்காரு" என்றேன்.